காந்தம் வைக்காத நாட்கள்

ஜூன் 9, திங்கள்

வலிப்பு எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர் நூர்ஜஹான். அவருக்கு வேண்டியது நாலு வரிதான். சீலன் இருநூறு பக்க நோட்டு வாங்கி வந்துவிட்டார். மீதிப் பக்கங்களை என்ன செய்வது என்று கேட்டேன். தோன்றுவதை எழுது என்றார்.

என் பெயர் தபித்தாள். குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில் டீ ருசி பார்ப்பது என் வேலை. சீலன் என் கணவர். மலை ரயில் பணிமனையில் ஃபிட்டர்.

ஜனவரியில் கோயம்புத்தூரில் என் மண்டையோட்டுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைப் பதித்தார்கள். அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் மூளைக்குள் போகின்றன. அங்கே ஓடும் மின்சாரத்தை அது ராப்பகலாகக் கவனித்துக்கொண்டிருக்கிறது. வலிப்பு கிளம்புவது போலத் தெரிந்தால் துளி மின்சாரத்தை அனுப்பி அடக்கப் பார்க்கும். எனக்கு ஒன்றும் உணர்வில் படாது. மாலையில் சீலன் ஒரு கோலை என் காதுக்கு மேலே பிடிப்பார். கருவி சேர்த்து வைத்ததெல்லாம் லேப்டாப்புக்கு வந்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

இதுபோக ஒரு காந்தம். வலிப்பு வரப்போகிறது என்று எனக்கே தெரிந்தால் அதைத் தலையில் கருவி இருக்கும் இடத்தில் ஒரு நொடி வைத்து எடுக்க வேண்டும். அந்த நிமிஷத்துப் பதிவைக் கருவி தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும். என் வலிப்பு பரவிய பிறகுதான் அதற்குத் தெரிகிறதாம். தொடக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது. நான் காட்டிக்கொடுத்தால்தான் டாக்டரால் அதற்குச் சொல்லிக்கொடுக்க முடியும்.

எனக்குத் தொடங்குவது ஒரு வாசனையில்.

இன்று வரவில்லை.

ஜூன் 11, புதன்

மூன்று நாளாகப் போர்வை காயவில்லை. கொடியிலிருந்து எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியில் போட்டிருக்கிறேன். வீடு முழுக்க ஈரக் கம்பளி வாடை.

சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்தது. எதன் வாசனை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு நாளைக்கு இருநூறு கோப்பைக்குக் குணம் சொல்கிறவள் நான், இது ஒன்றுக்குத்தான் பெயர் கிடைக்கவில்லை. முதல் மூச்சில் நனைந்த சாக்பீஸ் மாதிரி இருக்கும். அடுத்த மூச்சில் மாங்காய்க் காம்பில் வடிகிற பால். அதற்கடுத்து இரண்டும் இல்லை. வெயிலை மோந்து பார்க்க முடிந்தால் அப்படி இருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே நின்ற மூடுபனி உள்ளே வந்து என்னையும் முறத்தையும் மெல்லத் தூக்கிக்கொண்டது. எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், யாருக்கும் எந்தக் குறையும் இல்லை, இதை நான் எப்போதோ அறிந்திருந்தேன் என்று ஒரு நிம்மதி.

காந்தம் கூடத்தில் கைப்பையில் இருந்தது. எடுக்கப் போவதற்குள் முடிந்துவிட்டது.

நேரம்: ஒரு நிமிஷம். சீலன் மூன்றரை நிமிஷம் என்கிறார்.

கீரையில் தண்டும் இலையும் புல்லும் ஒன்றாகக் கிடந்தன. இருட்டில் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

ஜூன் 14, சனி

பணிமனையில் இன்று பாதி நாள். சீலன் மதியமே மத்தி மீனோடு வந்துவிட்டார். அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். நீராவி எஞ்சினுக்குப் புதிதாக பாய்லர் குழாய்கள் வந்திறங்கியிருக்கின்றனவாம். அதைச் சொல்லும்போது பெண் பார்த்துவிட்டு வந்தவர் போல அவர் முகம்

மாலை ஆறு மணி. மேலே உள்ள வரி ஏன் பாதியில் நிற்கிறது என்று தெரியவில்லை. தூங்கிவிட்டேன் போல. சீலனின் இடது கையில் கட்டு. கேட்டதற்கு, பணிமனையில் சூடான இரும்பு பட்டுவிட்டது என்றார். மதியம் வந்தபோது கட்டு இருந்ததா என்று யோசித்தேன். இருந்திருக்க வேண்டும். மீனை அவரே பொரித்து மூடி வைத்திருந்தார். உப்பு கொஞ்சம் தூக்கல்.

வலிப்பு: இல்லை.

ஜூன் 20, வெள்ளி

இன்று வாசனை வந்தது, சலித்த டீத்தூள் பொட்டலங்களுக்கு நடுவில். காந்தம் வைக்க மறந்துவிட்டேன்.

முதல் முறை வந்தபோது எனக்குப் பதினாலு வயது. கோத்தகிரியில் பெண்கள் விடுதியில் இருந்தேன். கணக்கு வகுப்பில் எழுந்து போய்க் கரும்பலகையை மோந்து பார்த்துக்கொண்டு நின்றேனாம். எனக்கு அந்த வாசனை மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அதன் பிறகு பூக்கடை, மருந்துக்கடை, மர அறுவை மில் என்று எங்கே போனாலும் மூக்கு தேடும். கல்லூரியில் தாவரவியல் எடுத்ததும் அதனால்தான். படிப்பு முடிந்ததும் தரகு நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். போஜராஜ் சார் ஐந்து கோப்பைகளை என் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றையும் உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு, மனதில் பட்டதைச் சொன்னேன். நாளைக்கே வா என்றார். பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. அவர்தான் இந்த மலையில் பெரிய மூக்கு. அடுத்தது என்னுடையது என்று அவரே வெளியாட்களிடம் சொல்வார்.

எந்தக் கோப்பையிலாவது ஒருநாள் அது கிடைக்கும் என்றுதான் இத்தனை நாளும் குனிந்துகொண்டிருந்திருக்கிறேன். இதைச் சீலனிடம் சொல்லியிருக்கிறேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

நாலு வகை மாத்திரை சாப்பிட்டும் நிற்கவில்லை. போன வருடம் பேருந்து நிலையத்தில் விழுந்து தாடை கிழிந்தது. அந்த மாதிரி பெரிய வலிப்பு நிற்க வேண்டும் என்றுதான் கருவிக்கு ஒத்துக்கொண்டேன். அது நின்றுவிட்டது. வாசனை என்ன ஆகும் என்று ஆபரேஷனுக்கு முன்னால் நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

வரிசையாக எண்பது கோப்பை. நெடுங்கொம்பை தொழிற்சாலையின் தூளுக்கு வந்தபோது நின்றுவிட்டேன். புகை. அடைத்த அறையில் பச்சை விறகு எரிந்து அணைந்தது போல ஒரு புகை. டீயின் அடியில் படுத்துக்கிடந்தது.

போஜராஜ் சார் எனக்கு முன்பே அந்தக் கோப்பையைத் தாண்டிப் போயிருந்தார். நல்ல நிறம், வாயில் நல்ல திடம் என்று எழுதச் சொல்லியிருந்தார். நான் மறுபடி உறிஞ்சினேன். அதே புகை. உடனே பயம் வந்துவிட்டது. என் வாசனை புது வேஷம் போடுகிறதோ என்று. கைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்துத் தலையில் வைத்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

சாரிடம் சொன்னேன். அவர் திரும்பி வந்து அந்தக் கோப்பையை மோந்தார், உறிஞ்சினார், வெகுநேரம் வாயில் வைத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

பிறகு என் கையில் இருந்த காந்தத்தைப் பார்த்தார். இன்றைக்கு வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்றார். டாக்டரிடமிருந்து ஒரு வார்த்தை வரும்வரை ருசி பார்க்கும் மேஜைக்கு வர வேண்டாம், பின்னறையில் மாதிரிப் பொட்டலங்களைப் பார்த்துக்கொள் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தும் சொல்லவில்லை.

ஜூலை 2, புதன்

பின்னறை. பொட்டலம், சீட்டு, பசை.

ஜூலை 4, வெள்ளி

நெடுங்கொம்பை தூள் நேற்று ஏலத்தில் போய்விட்டது.

மாலைப் பேருந்தில் லோகாம்பாள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தத் தொழிற்சாலையில்தான் தூள் சலிக்கும் அறையில் வேலை. நெற்றியில் தைலம் பூசியிருந்தார். இரண்டு வாரமாக மதியத்துக்கு மேல் தலை வெடிக்கிறதாம். அவருக்கு மட்டும் இல்லை, உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும். மழைக்காக ஜன்னலையெல்லாம் அடைத்து வைத்திருப்பதால் புழுக்கம் என்று மேஸ்திரி சொன்னாராம்.

அந்த இயந்திரம் எப்படி என்று எனக்குத் தெரியும். அடியில் விறகு எரியும். அந்தச் சூட்டில் இரும்புக் குழாய்கள் பழுக்கும், குழாயைச் சுற்றி ஓடும் காற்று மட்டும்தான் இலையில் பட வேண்டும். குழாயில் விரிசல் விட்டால் புகையும் சேர்ந்து வரும். டீயிலும் வரும், அறையிலும் வரும்.

மேஸ்திரியிடம் புகை அடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். நாங்கள் புகையிலேயே வேலை செய்கிறவர்கள், எங்களுக்கு என்ன தெரியும் என்று சிரித்தார். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. இல்லாத வாசனையை வருடக்கணக்காக மோந்துகொண்டிருக்கிறவள் சொன்னாள் என்று யார் இயந்திரத்தை நிறுத்துவார்கள்?

ஜூலை 10, வியாழன்

கோயம்புத்தூர் போய் வந்தோம். கீழே இறங்க இறங்க மூடுபனி மேலே நின்றுவிட்டது. பர்லியாறில் பலாப்பழம் வாங்கினோம்.

டாக்டர் நூர்ஜஹான் திரையைத் திருப்பி என்னிடம் காட்டினார். என் மூளைக்குள் ஓடுவது நாலு கோடுகளாக, குளத்தில் காற்று அடித்த மாதிரி. ஆறு மாதத்தில் காந்தம் வைத்த பதிவு ஒன்றே ஒன்று, ஜூலை முதல் தேதி. அதை நீளமாக விரித்துக் காட்டினார். அந்தப் புகை என் தலைக்குள் எழுந்ததா, கோப்பையில் இருந்ததா என்று கேட்டேன்.

"இதுல எனக்கு ஒண்ணும் தப்பாப் படல. ஆனா உங்க வாசனை ஆரம்பிக்கறப்ப கோடு எப்படி இருக்கும்னு நான் பார்த்ததே இல்லையே, தபித்தாள். பார்க்காத ஆளை இவர் வந்தாரா இல்லையான்னு எப்படிச் சொல்றது? ஒரு மூணு தடவை, வாசனை வந்த உடனே காந்தம் வைங்க. அப்புறம் சொல்றேன்."

வாசனை தெரிந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கருவிக்கு அந்தத் தொடக்கத்தை அடையாளம் சொல்லிக்கொடுப்பேன், தொடங்கும் இடத்திலேயே அது பிடித்துவிடும் என்றார். ரொம்பச் சந்தோஷமாகச் சொன்னார்.

இன்னொன்றும் கேட்டார். மாதத்துக்கு எத்தனை முறை வாசனை வருகிறது என்று. நாலு என்றேன். சீலன் தன் செல்போனில் குறித்து வைத்திருந்ததைப் பார்த்து, பதினேழு என்றார். அவர் குறித்து வைக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது.

திரும்பும்போது பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

ஜூலை 12, சனி

துணி மடிக்கும்போது வந்தது. மறந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

பின்னறையில் வந்தது. காந்தம் இடுப்பிலேயே இருந்தது. மறந்துவிட்டேன்.

பேருந்தில் லோகாம்பாள் அக்கா வரவில்லை. உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்

இதை விவரமாக எழுதிவிட வேண்டும்.

மாலை கோலைப் பிடித்துப் பதிவை எடுத்து முடித்ததும் சீலன் லேப்டாப்பை மூடவில்லை. காந்தக் குறி ஒன்றுகூட இல்லையே என்றார். வாசனை வரவில்லை என்றேன். சனிக்கிழமை துணி மடிக்கும்போது வந்ததே என்றார். வெளியே மழை இல்லை, ஆனால் தகரத்தில் பனி சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த வாசனை வர்றப்ப நீ எங்க போறேன்னு எனக்குத் தெரியாது. நீ சொல்லித்தான் கேட்டிருக்கேன். அந்த நேரத்துல இங்க என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியாது. சொல்லட்டுமா?"

சொல்லுங்கள் என்றேன்.

"முதல்ல சிரிப்பே. ரொம்ப அழகா இருக்கும். அப்புறம் என்னைப் பார்ப்பே. 'யாருங்க நீங்க, உக்காருங்க, எங்க வீட்டுக்காரர் இப்ப வந்துடுவார்'னு சொல்லுவே."

எத்தனை முறை அப்படி நடந்தது என்று கேட்டேன்.

"எல்லாத் தடவையும்தான்."

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. அவர் கட்டு அவிழ்த்த இடது கையைப் பார்த்தேன். தோல் இளஞ்சிவப்பாகச் சுருங்கியிருந்தது.

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"உக்காந்துக்குவேன். வீட்டுக்காரர் வர்ற வரைக்கும்."

அன்றைக்கு, அந்த மத்தி மீன் வாங்கி வந்த சனிக்கிழமை, வந்தவருக்குக் காபி கொடுக்கிறேன் என்று கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தை வெறுங்கையில் எடுக்கப் போனேனாம். தட்டிவிட்டபோது அவர் கையில் கொட்டியது. ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த வாசனையைப் பற்றிப் பேசும்போது உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல மனசு வராது என்றார். பிறகு எழுந்து போய் சோறு வடித்தார்.

இந்த நோட்டில் மறந்துவிட்டேன் என்று எழுதிய இடங்களில் எல்லாம் நான் மறக்கவில்லை. டாக்டர் இதைப் படிப்பார் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

ஜூலை 19, சனி

காலை ஏழேகால். பல் துலக்கும்போது வந்தது. முதல் மூச்சிலேயே காந்தம் வைத்தேன்.

நனைந்த சாக்பீஸ். மாங்காய்ப் பால். அதற்குமேல் நினைவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பேருந்து நிறுத்தத்தில், யூகலிப்டஸ் மரத்தடியில். வைத்தேன். கொஞ்சம் தாமதமாக. வாசனை முழுவதும் விரியட்டும் என்று இரண்டு மூச்சு காத்திருந்தேன். அதை மட்டும் எனக்காக எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 25, வெள்ளி

மூன்றாவது. மாலையில் சீலன் கூடவே இருந்தார். கண்ணைத் திறந்தபோது அவர் எதிரே நாற்காலியில், விருந்துக்கு வந்தவர் போல, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டாரா?" என்று கேட்டேன்.

"வந்துட்டார்" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். அவர் பதிவை அனுப்பினார்.

ஜூலை 28, திங்கள்

பதினொரு மணிக்கு டாக்டரே கூப்பிட்டார். பின்னறையில் பொட்டலங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டேன்.

"மூணும் ஒரே மாதிரி ஆரம்பிக்குது. ஒருத்தரோட கையெழுத்து மாதிரி, பார்த்த உடனே தெரியுது. ஜூலை ஒண்ணாம் தேதி பதிவுல அது எங்கயுமே இல்ல. அந்தப் புகை உங்க வலிப்பு இல்ல, தபித்தாள்."

அப்படியானால் அது கோப்பையில் இருந்ததா என்று கேட்டேன். கோப்பையைப் பற்றி எனக்குத் தெரியாது, உங்கள் மூளை அந்த நேரத்தில் ஒழுங்காக இருந்தது, அதை எழுதியே தருகிறேன் என்றார்.

போனை வைத்ததும் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். சந்தோஷம் வரவில்லை. இருபத்தேழு நாள். அதில் பத்தாம் தேதி டாக்டர் கேட்டதும் நான் காந்தம் வைத்திருந்தால் எவ்வளவோ முன்னால் தெரிந்திருக்கும். லோகாம்பாள் அக்கா பேருந்தில் வராமல் போய் இரண்டு வாரமாகிறது.

ஜூலை 29, செவ்வாய்

டாக்டர் அனுப்பிய கடிதத்தை அச்செடுத்து போஜராஜ் சாரின் மேஜையில் வைத்தேன். லோகாம்பாள் அக்காவின் தலைவலியையும் சொன்னேன். நேற்று சாயங்காலம் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். சலிக்கும் அறையில் மயங்கி விழுந்திருக்கிறார். உபவாசம் இருந்ததால் மயக்கம் என்று தொழிற்சாலையில் முடிவு செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பதில் வேறொரு பெண் அதே இடத்தில் நிற்கிறார்.

சார் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார்.

"காய்ச்சல் வந்துச்சு இல்ல, ரெண்டு வருஷம் முன்னாடி. அதுலயே போச்சும்மா. நாக்குல கசப்பு, துவர்ப்பு தெரியும். மூக்குல ஒண்ணுமே கிடையாது. நிறத்தப் பார்த்து, இலையப் பார்த்து, நீ என்ன சொல்றேன்னு கேட்டு ஓட்டிட்டிருந்தேன்."

அன்று அந்தக் கோப்பையை அவ்வளவு நேரம் வாயில் வைத்திருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மனிதர் எதையோ தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"உன் தலைய காரணம் காட்டி உன்னை அனுப்பினேன். எனக்கு அப்ப அதுதான் வசதியா இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் செய்ததை நானும் வேறு விதமாகச் செய்தவள்தான். அவரே கார்ச் சாவியை எடுத்தார்.

நெடுங்கொம்பையில் முதலாளி எங்களை நம்பவில்லை. போன வருடம்தான் குழாய் மாற்றினோம் என்றார். போஜராஜ் சார் அவரிடம், நான் எழுதிய ரிப்போர்ட் தப்பு, இந்தப் பெண் சொன்னதுதான் சரி, அந்தத் தூளை வாங்கியவர்களிடமும் நானே சொல்லப்போகிறேன் என்றார். அதைக் கேட்டதும் முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை சலிக்கும் பெண்களை வெளியே புல்மேட்டில் உட்கார வைத்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். மூடுபனி எங்கள் மடிவரைக்கும் வந்து வந்து போனது. யாரோ வெற்றிலை கொடுத்தார்கள்.

டார்ச் அடித்துப் பார்த்தபோது மூன்றாவது குழாயில் விரிசல். மேஸ்திரி ஆட்காட்டி விரலை உள்ளே விட்டு எடுத்தார். விரல் கறுப்பாக வந்தது.

ஜூலை 31, வியாழன்

கோயம்புத்தூர். டாக்டர் கோலை என் தலையில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏதேதோ மாற்றினார். அதற்கு முன்னால் மூன்று பதிவுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினார். தட்டையாக ஓடும் கோடு ஓரிடத்தில் மெல்லக் குனிகிறது, பிறகு மூன்று சின்ன அலை, அதன் பிறகு ரம்பப் பல் மாதிரி நெருக்கமான கூர்கள். மூன்றிலும் அப்படியே.

இருபத்தைந்து வருடம் நான் மோந்தது இதுதான். பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. விரலால் திரையைத் தொட்டேன்.

"போயிடுமா, டாக்டர்?"

"போகலாம். குறையலாம். முழுசாப் போகும்னு இப்ப நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு வேணாம்னா இந்த மாத்தத்த நான் பண்ணல. உங்க இஷ்டம்தான்."

பண்ணுங்கள் என்றேன். சீலன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 9, சனி

மேஜைக்குத் திரும்பிவிட்டேன். போஜராஜ் சார் நிர்வாகத்திடம் தன் மூக்கைப் பற்றிச் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதுவரை எனக்குப் பக்கத்தில் நடந்து வருகிறார், உறிஞ்சுவதில்லை.

லோகாம்பாள் அக்கா வேலைக்கு வந்துவிட்டார். மதியத் தலைவலி இப்போது இல்லை. படிக்கட்டு ஏறினால் மட்டும் கொஞ்சம் கிறுகிறுக்கிறதாம். என்னால் இத்தனை நாள் தாமதமானது என்று அவரிடம் சொன்னேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு தன் பையிலிருந்து இரண்டு ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது.

மாலை வாசனை வந்தது. சாக்பீஸ் வரை வந்தது. பிறகு யாரோ கதவைச் சாத்திய மாதிரி நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

ஒரு மூச்சுக்கும் குறைவாக. மாங்காய்ப் பால் எப்படி இருந்தது என்று நினைவில் கொண்டுவரப் பார்த்தேன். பெயர் நினைவிருக்கிறது, வாசனை வரவில்லை.

செப்டம்பர் 13, சனி

இருபது நாளாக எதுவும் இல்லை. டாக்டர் போனில், கருவி தினமும் தொடக்கத்தைப் பிடித்து அடக்குகிறது, பரவியது ஒன்றுகூட இல்லை என்றார். நல்ல செய்தி. நன்றி சொன்னேன்.

போர்வைகளை வெயிலில் போட்டேன். பிறகு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். செத்தவர்களுக்கு ஒரு கல்லறை இருக்கிறது. இதற்கு எங்கே போவது? சீலன் கதவைத் தட்டவில்லை. வெளியே நின்றார் என்று காலடிச் சத்தத்தில் தெரிந்தது.

கோப்பைகளில் இப்போது எதையும் தேடுவதில்லை. உள்ளே இருப்பது மட்டும் தெரிகிறது. அதுவே நிறைய இருக்கிறது. ரிப்போர்ட் முன்பைவிட நீளமாகிவிட்டது என்று எழுதுகிறவர் குறைப்படுகிறார்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டோம். சீலன் பேப்பரை எடுத்துக்கொண்டு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பாத்திரங்களைக் கழுவிவிட்டு வந்தபோது பேப்பர் தரையில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, தலை சாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். பகலில், நான் நடமாடிக்கொண்டிருக்கும்போது, இவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. தாடையில் நரைத்த முடி. புருவத்துக்கு நடுவில் எப்போதும் இருக்கிற கோடு காணவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விட்டுவிட்டேன்.

ஒரு துண்டுச் சீட்டில், "கடைக்குப் போகிறேன். தேடி வர வேண்டாம்" என்று எழுதி மேஜையில் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கினேன். சாலை முழுக்க மூடுபனி. முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. ஆனால் எனக்கு எல்லாம் தெரிந்தது. நனைந்த நாய் ஒன்று குறுக்கே போனது. யாரோ தைலம் தேய்த்துக்கொண்டு போனார்கள். வளைவில் லாரி டீசல், அதற்கப்பால் மண், அறுத்த சில்வர் ஓக் மரம், பேக்கரியில் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த வர்க்கி பிஸ்கட். ஒவ்வொன்றும் அதன் அதன் இடத்தில் இருந்தது.

கால் கிலோ வர்க்கி வாங்கினேன். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது, இரண்டு இடத்தில் நின்றேன். வீட்டுக்கு வந்தபோது பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது. சீட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் லேசாகக் குறட்டை விட்டபடி தூங்கிக்கொண்டிருந்தார். போர்வையை எடுத்துக் காலில் போட்டுவிட்டேன். இப்போது மணி நாலேகால். இன்னும் எழவில்லை.